கோத்தகிரி வழி எஸ்.எச். 15: நீலகிரிக்குப் போட்ட முதல் ரோடு இதுதானா?

காரமடைக்காரன்:
மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழி தேசிய நெடுஞ்சாலை, கோத்தகிரி வழி மாநில நெடுஞ்சாலை 15. இதில் கோத்தகிரிப் பக்கம்தான் முதலில் பாதை வந்தது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார், உண்மையா? அப்புறம் வயதான அப்பா அம்மாவோடு போக எது தேவலை?

அரவேணு வாசி:
உண்மைதாங்க. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் வந்து சேர்ந்தது கோத்தகிரிப் பக்கம். மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரி 1821-ல் சிறுமுகையிலிருந்து பாதை போட ஆரம்பித்து 1823-ல் முடித்தார். இன்றைய ரோடு அதே தடம் இல்லை, அதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்க. குன்னூர் மலைப்பாதை 1830-களில்தான் வருகிறது, வந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பி, 1899-ல் ரயிலும் குன்னூருக்கே போய்ச் சேர, கோத்தகிரி ஓரமாக நின்றுவிட்டது (எங்களுக்கு நல்லதாகப் போச்சு). சல்லிவன் இருந்த வீடு கோத்தகிரி பக்கத்துக் கன்னேரிமுக்கில் நினைவகமாக இருக்கிறது, பார்க்கலாம்.

மலைப்பாதை டிரைவர்:
பெரியவர்களுக்குக் கோத்தகிரிதான், கொண்டை ஊசி வளைவு குறைவு. குஞ்சப்பனை, அரவேணு, கோத்தகிரி, கட்டபெட்டு, ஊட்டி. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கே வரும், இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். ஆனால் கோடை சீசனில் குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள், அப்போது நீங்கள் நினைத்தது நடக்காது. நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் மறக்காதீங்க.

காரமடைக்காரன்:
சரிங்ண்ணா, அப்போ ஜூலையில் காலையிலேயே கிளம்பிடறோம்.