“பெரிய பிள்ளை” ஆனவளை எப்படி நடத்துவது? கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு கேள்வி

செந்தூல் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப்பள்ளியை முடித்து இவ்வாண்டுதான் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறாள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் குளியலறைக் கதவைச் சற்றே திறந்து, “அம்மா, நீங்க மட்டும் வாங்க” என்று அழைத்தாள். உள்ளே சென்று, செய்ய வேண்டியதைச் செய்து, சொல்ல வேண்டியதையும் சொன்னேன். அன்றிரவே என் மாமியாருக்குச் செய்தி எட்டிவிட்டது. மறுநாள் விடிவதற்குள் எங்கள் சமையலறையில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

மாமியார் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் அண்டை வீட்டார் அத்தனை பேரும் கூடி நின்ற காலத்தை இன்றும் கண்ணில் ஒளியுடன் சொல்லுவார். மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வைத்து, நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகளோ, “பத்திரிகை அடிச்சா நான் ரூமை விட்டு வெளியே வரமாட்டேன்” என்கிறாள்.

சடங்கு மட்டும்தான் சிக்கல் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அன்றிலிருந்து கீழ்த்தளக் கடைக்கு அவளைத் தனியே அனுப்புவதில்லை. அடுக்குமாடித் திடலில் பையன்களோடு பூப்பந்து விளையாட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேலை முடிந்து வந்ததும் அவள் தலையில் கைவைத்து, “என்னடா படிச்ச இன்னிக்கு?” என்று கேட்கும் என் கணவர் இப்போது வாசலில் நின்றபடியே கேட்கிறார். போன வாரம் அவள் என்னிடம், “அப்பாவுக்கு என்மேல கோபமா?” என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துவிட்டது.

அதே வீட்டில் என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் வயதுக்கு வந்த நாள் என்று எதையும் யாரும் குறித்து வைக்கவில்லை. குரல் உடைந்தது, மீசை அரும்பியது, அவ்வளவுதான். எரிவாயுத் தோம்பைத் தூக்கி வைக்கும்போது “இவ்வளவு பெரிய ஆளு” என்கிறோம். மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கட்டுமா என்று அவன் கேட்டால் “சின்னப் பையன், சும்மா இரு” என்கிறோம். இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கிறான். காலையில் அவனை எழுப்புவது தினமும் ஒரு போராட்டம்.

ஒருத்தியை ஒரே நாளில் பெரியவளாக்கிவிட்டோம், இன்னொருவனை எந்த நாளிலும் பெரியவனாக்கவில்லை. குழந்தைப் பருவம் உண்மையில் எங்கே முடிகிறது, பெற்றோர் எதை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.

*

இரவுப்பணித் தாதி எழுதியது:

சகோதரி, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். உடலைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் மாதவிடாய் பருவமடைதலின் தொடக்கம் அன்று. ஏறத்தாழ அதன் பின்பகுதி. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சினைப்பைகளைத் தூண்ட, மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. பெண்பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும் இது தொடங்குவது இயல்பு. மார்பு அரும்பத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே பெரும்பாலும் முதல் மாதவிடாய் வருகிறது. ஆகவே உங்கள் மகள் மூன்று வாரங்களுக்கு முன் திடீரென்று மாறிவிடவில்லை. அவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ இருந்தபோதே, நீங்கள் யாரும் அவளைத் தடுக்காமல் பூப்பந்து விளையாட அனுப்பிய நாள்களிலேயே, இது நடந்துகொண்டுதான் இருந்தது. அப்போது ஆபத்தில்லாத திடல் இப்போது மட்டும் ஏன் ஆபத்தாகிவிட்டது என்று அவள் கேட்டால், உடலியல் உங்களுக்குத் துணை வராது.

முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருக்காது. 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் முழுதும் நனைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தேதியை அவளே ஒரு நாள்காட்டியில் குறித்து வைக்கட்டும், நீங்கள் குறிக்காதீர்கள். உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெயும் கொடுங்கள், அவை உணவுதான். பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள் என்று மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அதிலிருந்து கிருமித்தொற்று வரக்கூடும்.

இன்னொன்று. 2010ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி பள்ளியிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. அதற்கான ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது உடனே கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். அவளை அருகில் உட்கார வைத்து, அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவள் கேள்விகளைக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். தன் உடலைப் பற்றிய முடிவில் தனக்கும் பங்குண்டு என்பதை அவள் அந்தத் தாளிலிருந்தே கற்றுக்கொள்வாள்.

*

பிறை ஆலோசக ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, பினாங்கில் இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டது ஒரு கேள்வியானாலும் அதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன, ஏனென்றால் உடலும் அறிவும் சட்டமும் ஒரே வயதில் பெரியவராவதில்லை.

சட்டத்தையே பாருங்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை. பதினாறில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம், பதினேழில் கார். பதினெட்டில் சட்டப்படி முழு வயதை எட்டியவர் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2019இல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, அது 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வரும்வரை, வாக்களிக்க இருபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இந்த நாட்டில் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தகுதியுள்ள பெரியவராகவும், வாக்குப்பெட்டிக்கு முன்னால் சிறியவராகவும் இருந்திருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனமோ பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க யாருமே துணியவில்லை.

நம் முன்னோரும் துணியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உலா இலக்கியம் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடங்கிப் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரிக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மங்கை. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை மடந்தை. அந்தப் பிரிவு வீதியில் வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை வருணிப்பதற்காக வந்தது என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. என்றாலும் சிறுமிக்கும் முதிர்ந்த பெண்ணுக்கும் இடையில் இத்தனை படிகள் உண்டென்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஆணின் பருவங்களுக்கும் செய்யுள் இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் பெயர் வைத்தன. அந்தப் பெயர்களில் பல வழக்கொழிந்துவிட்டன. உங்கள் மகனை “இவ்வளவு பெரிய ஆளு” என்றும் “சின்னப் பையன்” என்றும் மாற்றி மாற்றி அழைக்க மட்டுமே நம்மிடம் சொல் இருக்கிறது.

மகனின் தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதற்காகப் பிள்ளைகள் வாங்கும் திட்டுக்கு அளவில்லை. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் மட்டும் அவனுக்கு இன்னும் தேவை. அதன்மேல் நம் கடிகாரம் வேறு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பகல் ஒன்றேகாலை நெருங்கிவிடுகிறது. நீங்கள் ஐந்தரை மணிக்கு அவனை எழுப்பும்போது சூரியக் கணக்கில் அது நான்கேகால். நகரத்தில் நெரிசல் மிகுந்த பல பள்ளிகளில் படிவம் ஒன்றும் இரண்டும் பிற்பகலில் நடக்கின்றன. படிவம் மூன்றில், அதாவது உடல் மிகத் தாமதமாக உறங்க விரும்பும் வயதில், பிள்ளை காலைப் பள்ளிக்கு மாறுகிறான். அவன் சோம்பேறி இல்லை, அம்மா. இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள், வீட்டார் எல்லாரும் வையுங்கள். வார இறுதியில் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்க விடுங்கள்.

இனி மோட்டார் சைக்கிள். முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபது வயதின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டிருப்பீர்கள். அதைக் காட்டி இருபத்தைந்து வரை எதையும் கொடுக்காமல் இருக்க முடியாது. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பதின்ம வயதினரையும் பெரியவர்களையும் வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்ம வயதினர் தனியாக ஆடியதைவிட அதிகமான ஆபத்தை மேற்கொண்டார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. எனவே உரிமம் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிடப் பின் இருக்கையில் யார் உட்காருவார் என்பதே முதன்மையான கேள்வி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் உரிமம் எடுக்க அனுமதிப்பேன்; முதல் ஆண்டில் நண்பனைப் பின்னால் ஏற்றக்கூடாது, இரவு ஒன்பதுக்குப் பின் வண்டியை எடுக்கக்கூடாது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்வேன். சாலைப் போக்குவரத்து இலாகாவே தேர்ச்சி பெற்றவரை இரண்டு ஆண்டு, புதிய ஓட்டுநர் என்று காட்டும் ‘பி’ ஒட்டியோடுதானே ஓட்டச் சொல்கிறது? பார்த்துக்கொண்டே விட்டுக்கொடுப்பது அது.

உங்கள் மகளுக்கும் இதுவே பொருந்தும். தமிழ்ப்பள்ளியில் எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்த பிள்ளையாக இருந்தவள் இப்போது ஆயிரம் பேருக்கு நடுவில், இன்னொரு மொழியில், உடலும் மாறிக்கொண்டிருக்க, புதிதாக நிற்கிறாள். இந்த ஆண்டில் அவளிடமிருந்து எதையாவது பறிப்பதானால் மிகவும் யோசித்துப் பறியுங்கள். கடைக்குத் தனியே போவது அவளுக்குத் தெரிந்த உலகில் மிச்சமிருக்கும் சில பொருள்களில் ஒன்று.

*

இருபது வயது மாணவி எழுதியது:

எனக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மண்டபத்தில் சடங்கு நடந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் என்னை யாரும் கேட்கவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது வரிசையில் என் பள்ளி நண்பன் ஒருவன் அவன் அம்மாவோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அதன் பிறகு அன்று என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. பட்டுச்சேலையின் ஜரிகை கழுத்தில் குத்தியது மட்டும் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வயிறு வலிக்கிறது என்று பொய் சொன்னேன்.

ஆனால் சடங்குக்கு முந்தைய நாள் பாட்டி என் தலையில் எண்ணெய் தேய்த்தபடி அவருடைய முதல் அனுபவத்தைச் சொன்னார். பால்மரக்காட்டில், வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நின்றதாகச் சொன்னார். எனக்கு வயது வந்ததாக நான் உணர்ந்தது அப்போதுதான். உங்கள் மகளுக்குப் பாட்டியின் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள் அக்கா. பத்திரிகை வேண்டாம்.

*

தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

ஒரு தாய்மாமன் என்ற முறையில் மாமியார் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சீர்த்தட்டைச் சுமந்து செல்லும்போது, “இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன்” என்று ஊர் அறியச் சொல்கிறோம். என் அக்காள் மகளுக்கு நான் வைத்த சீர் வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டு பேர் முன்னிலையில் நடந்தது. அவளுக்கு வேண்டியது என்ன என்று கேட்டேன். புத்தக அலமாரி என்றாள். சேலையோடு அதையும் வைத்தேன்.

பையன்களுக்கு நாள் இல்லை என்பதை நான் முழுதாக ஒப்பமாட்டேன். பதினாறு வயதில் நான் முதன்முதலாகப் பால்குடம் எடுத்தபோது அப்பா நாற்பத்தெட்டு நாள் என்னோடு சேர்ந்து விரதமிருந்தார். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் எனக்கு ஒரு படி பின்னால் ஏறினார், ஒருமுறைகூடக் கைகொடுக்கவில்லை. இறங்கி வந்ததும் என்னைப் பார்த்து, “சாப்பிடலாமா?” என்று கேட்டார். அதுவரை அவர் என்னைச் சாப்பிடச் சொல்லித்தான் பழக்கம்.

*

செந்தூல் அம்மா எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. தாதி அவர்கள் எழுதியதை என் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “அவளுக்குக் கூச்சமா இருக்கும்னு நினைச்சேன்” என்றார். மறுநாள் வேலையிலிருந்து வந்து நேராக அவளிடம் சென்று தலையில் கைவைத்தார். அவள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அறிவியல்ல ஒண்ணும் புரியல” என்றாள்.

மண்டபம் இல்லை என்று முடிவாகிவிட்டது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தாமாகவே, வீட்டிலேயே எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று கேட்டார். மகளிடம் கேளுங்கள் என்றேன். இருவரும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பட்டியல் இன்னும் என் கைக்கு வரவில்லை. கடைக்கு இன்று அவளே போய் ரொட்டி வாங்கி வந்தாள்.

மகனின் உரிமம் பற்றி வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பின் இருக்கை நிபந்தனையைச் சொன்னதும் அவனுக்கு முகம் வாடியது, ஆனால் “ஆறு மாசம்னு வச்சுக்கலாமா?” என்று பேரம் பேசினான். ஐயா, ஆறு மாதம் போதுமா, அல்லது ஓராண்டில் உறுதியாக நிற்க வேண்டுமா?