ரெடிஸில் லுவாவைத் தடுத்ததும் மின்னஞ்சல் வரிசை நின்றுவிட்டது

செங்காந்தள்:
நானும் அக்காவும் நடத்தும் புத்தக விற்பனைத் தளத்தின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு, நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர், பிஎச்பி கட்டமைப்பான லாராவெல். கேச், செஷன் (பயனரின் உள்நுழைவு நிலை), மின்னஞ்சல் வரிசை மூன்றுக்கும் நினைவகத் தரவுத்தளமான ரெடிஸ் 7.2.4. 2025 அக்டோபரில் வெளியான சிவிஇ-2025-49844 என்ற, ரெடிஸின் லுவா பகுதியில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி இப்போதுதான் படித்தேன். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. பதிப்பை மாற்றப் பயந்து, ரெடிஸுக்குள் ஓடும் லுவா ஸ்கிரிப்ட் கட்டளைகளை மட்டும் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) மூலம் தடுத்தேன். அதன்பின் ஆர்டர் மின்னஞ்சல் ஒன்றுகூடப் போகவில்லை. யுஎஃப்டபிள்யூ பயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகள் மட்டுமே திறந்திருப்பதால் ரெடிஸுக்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை. தடையை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பிலேயே இருக்கலாமா?

பனையோலை:
வேண்டாம். லாராவெல் வரிசையிலிருந்து வேலையை எடுப்பதே லுவா ஸ்கிரிப்ட் வழியாகத்தான், அதனால்தான் நின்றது. 7.2.11-க்கு மாறுங்கள், ஓட்டை அதில் அடைக்கப்பட்டிருக்கிறது. முதலில் ரெடிஸ் தரவு இருக்கும் டாக்கர் வால்யூமை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலங்கரை:
பதிப்பைவிட அந்தப் பாஸ்வேர்டு வரிதான் என்னைப் பதறவைக்கிறது. டாக்கர் கண்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் ரெடிஸின் போர்ட் 6379:6379 என்று இருக்கிறதா? இருந்தால் டாக்கர் தானே லினக்ஸின் பிணைய விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதிப் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிடும். யுஎஃப்டபிள்யூ அந்தப் பாதையில் குறுக்கே நிற்பதில்லை. அதன் பட்டியலில் 6379 தெரியவும் செய்யாது. பாஸ்வேர்டு இல்லாவிட்டால் வெளியாரை மறுக்கும் காப்பு முறை ரெடிஸ் 3.2 முதல் உண்டு. ஆனால் டாக்கருக்கான அதிகாரபூர்வ இமேஜில் அது அணைக்கப்பட்டே வருகிறது. உங்கள் லுவா தடையும் காப்பாற்றாது: பாஸ்வேர்டின்றி நுழைபவருக்கு அதை நீக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது.

முன்பு நான் பராமரித்த ஒரு சர்வரில் ஒரு காலை கேச் முழுவதும் காலி. நான் எழுதாத ஒரே ஒரு கீ (தரவின் பெயர்) இருந்தது. அதன் மதிப்பு ஒரு கிரான் வரி, அதாவது குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடும் கட்டளை. யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள். அன்றைய பதற்றம் இன்னும் போகவில்லை. கைபேசி இணையத்திலிருந்து உங்கள் சர்வரின் பொது முகவரிக்கு ரெடிஸ் பிங் அனுப்பிப் பாருங்கள், பாங் என்று பதில் வந்தால் போர்ட் வெளியே திறந்திருக்கிறது.

செங்காந்தள்:
பாங் என்று பதில் வந்துவிட்டது. கை நடுங்குகிறது. கீ பட்டியலில் புதிதாக எதுவும் இல்லை. அப்படியானால் தப்பித்தோமா?

கலங்கரை:
அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். போர்ட் வரியை அழித்துவிடுங்கள். ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் உள்ள லாராவெலுக்கு அது தேவையே இல்லை. பாஸ்வேர்டு வையுங்கள், 7.2.11-க்கு மாறுங்கள். செஷன்கள் அனைத்தையும் அழியுங்கள், யாரேனும் படித்திருக்கலாம். பலரும் மறக்கும் இடம் வரிசைதான். அதில் கிடக்கும் வேலைகள் சீரியலைஸ் செய்த (எழுத்துச் சரமாக மாற்றிய) பிஎச்பி ஆப்ஜெக்டுகள். அங்கே எழுத முடிந்தவர் அவற்றை எடுத்து ஓட்டும் உங்கள் வொர்க்கரிலேயே தன் நிரலை ஓட்டியிருக்க முடியும். ஆகவே வொர்க்கர் கண்டெய்னரைச் சுத்தமான இமேஜிலிருந்து மீண்டும் எழுப்புங்கள். தளத்தின் அமைப்புகள் இருக்கும் என்வ் கோப்பில் உள்ள டேட்டாபேஸ், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளையும் பணம் வாங்கும் சேவையின் ரகசியச் சாவியையும் இன்றே மாற்றுங்கள்.

செங்காந்தள்:
எல்லாம் மாற்றிவிட்டேன். கைபேசியிலிருந்து இப்போது இணைப்பே கிடைக்கவில்லை. பழைய வரிசையை ஓட்டவிடாமல் அழித்துவிட்டு, ஆர்டர் அட்டவணையிலிருந்து மின்னஞ்சல்களைப் புதிதாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.