அரசுப் பணம் கடைசி வரை போய்ச் சேர்ந்ததா? ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கிற நம்மவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கம்பாலா கணக்கர்:

வணக்கம். ஆப்பிரிக்க அரசுகளின் பட்ஜெட், தணிக்கை, கஜானா நிர்வாகம் பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்கே எல்லாம் ஊழல்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த நாடுகளில் கணக்கைச் சரியாக வைக்க உயிரைக் கொடுத்து உழைக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவரவர் கண்ணால் கண்டதை எழுதினால் எல்லோருக்கும் உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

பள்ளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உகாண்டாவின் கிழக்குப் பக்கம் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அடிக்கடி போக வேண்டி வரும். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். இந்தப் பருவத்துக்கு அரசிடமிருந்து வந்த மாணவர் மானியம் இவ்வளவு, சாக்பீஸுக்கு இவ்வளவு, விளையாட்டுக்கு இவ்வளவு, பழுது பார்க்க இவ்வளவு என்று மார்க்கர் பேனாவில் எழுதி, அடியில் ஹெட்மாஸ்டரும் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பாட்டி ஒருவர், பேரனை வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு வரியாகக் கேட்டார். கழிப்பறைக் கதவு என்று வந்ததும் அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேராகப் பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தார். கீல் புதுசுதான். திரும்பி வந்து, "ம், அடுத்தது படி" என்றார். எந்த ஆடிட்டரும் இதைவிட ஒழுங்காகச் சரக்கைச் சரிபார்த்து நான் கண்டதில்லை.

அந்தச் சார்ட் சும்மா வந்துவிடவில்லை. 1996-ல் உகாண்டாவில் 250 தொடக்கப் பள்ளிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். கஜானா விடுவித்ததாகச் சொன்ன மாணவர் மானியத்தையும் பள்ளிப் பதிவேட்டில் வரவாகியிருந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகள் ஒரு காசையும் கண்ணால் பார்க்கவில்லை. மீதி வழியில் மாவட்ட மட்டத்திலேயே நின்றுபோனது. ஓரளவு வசதியான ஊர்ப் பள்ளிகள் கேட்டு, சண்டை போட்டு வாங்கிக்கொண்டன. ஏழை ஊர்களில் இப்படி ஒரு மானியம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததை யார் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகுதான் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு மாதாமாதம் நாளிதழ்களில், வட்டார மொழிப் பதிப்புகள் உட்பட, வெளியிட ஆரம்பித்தது. பள்ளிகளும் வந்த தொகையை எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2001-ல் திரும்பப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பணம் எங்கே செலவாக வேண்டுமோ அந்த இடத்திலேயே கணக்கும் தெரிய வேண்டும் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

நைரோபி சப்ளையர்:

நல்ல இழை, சார். நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், அரசுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவன் பக்கம்.

கென்யாவில் 2010 அரசியல் சட்டத்துக்குப் பிறகு 47 கவுண்டிகள், அதாவது கவர்னரும் சொந்த பட்ஜெட்டும் உள்ள உள்ளூர் அரசுகள், வந்தன. ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் கவுண்டி கையில். ஒரு கவுண்டி ஆஸ்பத்திரிக்குக் கட்டில், மெத்தை, லேப் சாமான் எல்லாம் கொடுத்தோம். எல்.பி.ஓ. (சரக்கு வாங்க அரசு தரும் ஆர்டர் தாள்) உண்டு, டெலிவரி நோட் உண்டு, சரக்கைப் பார்த்து ஏற்றுக்கொண்ட கமிட்டியின் கையெழுத்தும் உண்டு. பணம் மட்டும் வரவில்லை. ஃபைனான்ஸ் ஆபீசில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "நைரோபியிலிருந்து ரிலீஸ் ஆகவில்லை." 2022 தேர்தலில் கவர்னர் மாறினார். வந்தவர் பழைய பில் எல்லாவற்றையும் சரிபார்க்கக் கமிட்டி போட்டார். மறுபடி முதலிலிருந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி, பள்ளி ஹாஸ்டலுக்கு முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டவர். அவரிடம் இருந்தது கையால் எழுதிக் கொடுத்த எல்.பி.ஓ. என்னுடையது அரசின் நிதிக் கணினி சிஸ்டத்திலிருந்து வந்தது. பட்ஜெட்டில் அந்தத் தலைப்பில் மீதி இருந்தால்தான் சிஸ்டம் எல்.பி.ஓ. போடும். கையெழுத்துத் தாளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாரோ ஓர் அதிகாரி இல்லாத பணத்தை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டார். என் பில் கடைசியில் தகுதியானது என்று பட்டியலில் ஏறியது. அவருடையதைத் தள்ளிவிட்டார்கள். காய்கறியைப் பிள்ளைகள் சாப்பிட்டது உண்மை, அவர் சங்கத்தில் வாங்கிய கடனும் உண்மை.

இதில் யாரும் திருடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். உள்ளூர் வரி, கட்டணம் இவ்வளவு வசூலாகும் என்று பட்ஜெட்டில் ஏற்றிப் போடுகிறார்கள். அதை நம்பி ஆர்டர் கொடுக்கிறார்கள். வசூல் பாதியில் நிற்கும், மத்தியிலிருந்து வரும் பங்கும் தாமதமாகும். ஜூன் 30 நிதியாண்டு முடிவு. கடைசி வாரத்தில் எந்த பில் முதலில் பாஸ் ஆகும் என்பது யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது. லஞ்சம் அங்கேதான் நுழைகிறது. 2024 ஜூன் முடிவில் எல்லாக் கவுண்டிகளும் சேர்ந்து வைத்திருந்த பெண்டிங் பில் சுமார் 18,000 கோடி ஷில்லிங்.

லிலோங்வே நினைவுகள்:

நான் யாழ்ப்பாணம். 2013இல் மலாவியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்தனான். அந்த வருசம் செப்டெம்பரில் ஊர் முழுக்க ஒரே கதைதான். சின்னச் சம்பளத்து அரசாங்க ஊழியரின் காரில் கட்டுக்கட்டாகக் காசு. அதே நாட்களில், 13ஆம் திகதி இரவு, திறைசேரியின் (அரசாங்கக் கஜானாவின்) வரவுசெலவுப் பணிப்பாளரை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். அவர் தப்பிவிட்டார். "கேஷ்கேட்" என்று பிறகு உலகமெல்லாம் பேசினது இதைத்தான்.

எப்படிச் செய்தார்கள் என்பது எங்களைப் போலக் கணக்கு வேலை செய்யிற ஆட்களுக்கு நல்லாய் விளங்கும். அரசாங்கத்தின் நிதிக் கணினி முறைமையில் ஒரு கொடுப்பனவைப் பதிவது, காசோலையை அச்சடிப்பது, அது வங்கியில் மாறின பிறகு பதிவை அழித்துவிடுவது. பொருளும் கொடுக்காத, சேவையும் செய்யாத கம்பனிகளுக்குப் போன காசு அது. பிரித்தானியாவின் பேக்கர் டில்லி நிறுவனம் தடயக் கணக்காய்வு செய்து 2014 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2013 ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரையான ஆறு மாதத்துக்குள் எல்லா முறைகேடும் சேர்த்து 1,300 கோடி குவாச்சாவுக்கு மேல்.

கணினியில் அழித்தாலும் வங்கிக் கூற்றில் அது இருக்கத்தானே செய்யும்? காசேட்டையும் வங்கிக் கூற்றையும் மாதம் முடிய ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதமே பிடிபட்டிருக்கும். வங்கிக் கணக்கிணக்கம் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு கடையில் புதிதாகச் சேர்ந்த பொடியனுக்கும் முதலில் பழக்கிற வேலை அது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த முறைமைக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கவில்லை, அல்லது செய்யவிடவில்லை. இதை நினைக்க எனக்கு இப்பவும் ஆத்திரம் வரும்.

வெளிநாடுகள் உதவியை நிறுத்தினார்கள். அரசின் வரவுசெலவில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அவர்களின் காசு. எங்கள் அலுவலகச் சாரதியின் தகப்பனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்கள். அந்த மனுசனுக்கும் திறைசேரிக் கணினிக்கும் என்ன சம்பந்தம்? தண்டனை அவருக்கல்லோ போய்ச் சேர்ந்தது. அடுத்த வருசம் மே மாதத் தேர்தலில் ஜனாதிபதி ஜாய்ஸ் பண்டா தோற்றார்.

திருச்சி பொருளியல் மாணவி:

கம்பாலா சாருக்கு ஒரு கேள்வி. 13 சதவீதம் 80-க்கு மேல் போனதற்கு நாளிதழ் அறிவிப்பு மட்டும்தான் காரணமா? 1997-ல் எல்லோருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி வந்தது, மானியத் தொகை கூடியது, உதவி தந்த நாடுகளும் கண்காணித்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பேப்பருக்கு மட்டும் பெருமை கொடுப்பது சரியா என்று ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள்.

கம்பாலா கணக்கர்:

நியாயமான கேள்வி, தங்கச்சி. பேப்பர் மட்டும் இல்லை. எல்லோர் கண்ணும் அந்த மானியத்தின் மேல் இருந்த காலம் அது. கண் விலகிய இடத்தில் என்ன ஆனது என்பதற்கும் இதே நாட்டில் உதாரணம் உண்டு. போரில் நொறுங்கிப்போன வடக்கு உகாண்டாவைச் சீரமைக்க வந்த பணம், 2012-ல் பிரதமர் அலுவலகத்திலேயே காணாமல் போனது தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையில் வெளிவந்தது. அயர்லாந்து உட்படப் பல நாடுகள் உதவியை நிறுத்தின. அயர்லாந்தின் 40 லட்சம் யூரோவை உகாண்டா திருப்பிக் கொடுத்தது. வடக்கில் முகாமிலிருந்து ஊர் திரும்பிய மக்களிடம் எந்தச் சார்ட்டும் இல்லை. தங்கள் பெயரில் எவ்வளவு வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. அந்த வருத்தம்தான் என்னைச் சார்ட் சார்ட் என்று பேச வைக்கிறது.

ஜோபர்க்வாசி:

தணிக்கை அறிக்கை, சிஸ்டம் எல்லாவற்றையும் பேசுகிறோம். முதல் ஆளாக "இந்த பில்லை நிறுத்துங்கள்" என்று எழுதுகிறவரைப் பற்றியும் பேச வேண்டும்.

பபிதா தியோகரன். தென்னாப்பிரிக்காவின் காட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் உயர் நிதி அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையின் பில்களில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, சுமார் 85 கோடி ராண்ட் கொடுப்பனவுகளைக் கேள்வி கேட்டார், நிறுத்தச் சொன்னார். 2021 ஆகஸ்ட் 23 காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு திரும்பியபோது வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இரண்டு வருடம் கழித்து ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். சொல்லிச் செய்ய வைத்தது யார் என்பது அந்த வழக்கில் வெளியே வரவில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முனிசிபாலிட்டியில் கணக்கு அதிகாரி. அந்த வாரம் அவர் வேலைக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்டார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், டெம்பிசாவில் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 5 லட்சம் ராண்டுக்கு மேல் போனால் மேலே அனுமதி வாங்க வேண்டும். அதனால் 4,99,000, 4,98,000 என்கிற மாதிரி பில்லை உடைத்து உடைத்துப் போட்டிருக்கிறார்கள். "ஒரு பில்லைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பே தெரியாது அக்கா. வரிசையாக அடுக்கினால்தான் தெரியும். அந்த அம்மா அடுக்கிப் பார்த்தார்" என்றார். நம் ஊர் ஆபீஸ்களிலும் டெண்டரைத் தவிர்க்க இப்படி உடைப்பது உண்டு என்று என் கணவர் சொன்னார். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் பலவீனமில்லை. 2019 ஏப்ரலிலிருந்து தலைமைத் தணிக்கையாளருக்குப் புது அதிகாரம். பெரிய முறைகேடு என்று நோட்டீஸ் கொடுத்தும் நடவடிக்கை எடுக்காத அதிகாரியிடமிருந்தே நஷ்டத்தை வசூலிக்க உத்தரவிடலாம். அந்த நோட்டீஸ் வந்தால் முனிசிபல் மேனேஜர்கள் ஓடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தது. ஆனால் தணிக்கையாளர் வருவது வருடம் ஒருமுறை. அதற்கு முன்னால் உள்ளே உட்கார்ந்து தினமும் பில் பார்க்கிறவருக்கு என்ன காவல்? உயிருக்கு ஆபத்து வரலாம் என்று பபிதா மேலதிகாரிக்கு எழுதியதைச் செய்தியில் படித்த அன்று என்னால் தூங்க முடியவில்லை.

அக்ரா இன்ஜினியர்:

ஜோபர்க் அக்கா சொன்னதோடு கானாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முறைகேடாகச் செலவான தொகையைச் சம்பந்தப்பட்டவரிடமே வசூலிக்கும் அதிகாரம் இங்கே தலைமைத் தணிக்கையாளருக்கு அரசியல் சட்டத்திலேயே இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டு, 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றது. அப்போதைய தலைமைத் தணிக்கையாளர் டேனியல் டொமலெவோ 6 கோடிக்கும் மேல் செடி (கானா நாணயம்) வசூலித்துக் கஜானாவில் கட்ட வைத்தார். 2020 ஜூலையில் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள், அடுத்த மார்ச்சில் ஓய்வு வயது தாண்டிவிட்டது என்றார்கள். விடுப்பில் அனுப்பியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023-ல் தீர்ப்பு வந்தபோது அவர் பதவியிலேயே இல்லை. எங்கள் சைட்டில் கொத்தனார் வரைக்கும் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

புதுசா நைரோபிக்கு:

சப்ளையர் அண்ணா, ஒரு கவுண்டி டெண்டர் போடலாம் என்று இருந்தேன். இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. போடவே வேண்டாமா?

நைரோபி சப்ளையர்:

போடுங்க தம்பி. எல்லாக் கவுண்டியும் ஒன்றில்லை, நேரத்துக்குக் கொடுக்கிறவையும் இருக்கின்றன. அரசுச் செலவைக் கண்காணிக்கிற கண்ட்ரோலர் ஆஃப் பட்ஜெட்டின் அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும், இலவசமாகவே கிடைக்கும். அதில் கவுண்டி வாரியாக இரண்டு விஷயம் பாருங்கள்: உள்ளூர் வசூலுக்கு வைத்த இலக்கில் எவ்வளவு நிஜமாக வந்தது, பெண்டிங் பில் போன வருடத்தைவிடக் குறைந்ததா கூடியதா. தணிக்கையாளர் அறிக்கையில் அந்தக் கவுண்டியின் பக்கத்தையும் படியுங்கள். எல்.பி.ஓ. சிஸ்டத்திலிருந்து வராமல் ஒரு மூட்டை கூட இறக்காதீர்கள், யார் போன் பண்ணிச் சொன்னாலும் சரி. முடிந்தால் மார்ச்சுக்குள் சரக்கைக் கொடுத்து பில்லை உள்ளே தள்ளிவிடுங்கள். ஜூன் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம், அந்தக் காய்கறிப் பெண்மணி மேல்முறையீடு போட்டிருக்கிறார். ஹாஸ்டல் வார்டன் சரக்கு வந்தது உண்மை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கமிட்டி மறுபடி கூடும்போது நானும் சாட்சிக்குப் போகிறேன்.