கடைசி இரண்டு வரியை வெட்ட நீங்கள் யார்?

கரிசல்மண்:
நேற்று வேறொரு விவாத இழையில் ‘ஜன்னலோரம்’ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “குழந்தைக்குப் பாட்டு எழுத, கண்ணால பார்த்ததைச் சொன்னா போதும். அறிவுரை நுழையிற இடத்துல பாட்டு செத்துடுது” என்கிறார். அதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது என் பாட்டை. பள்ளி ஆண்டு மலருக்கு நான் எழுதியது இது:

சுவரின் மேலே சிற்றெறும்பு
சோற்றுப் பருக்கை சுமக்குது
எதிரே வந்த எறும்பிடம்
என்ன சேதி கேட்குது
ஒன்று சேர்ந்தே உழைத்திடு
உயர்வு தானே வந்திடும்

கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு, “இப்போ சரியா இருக்கு” என்று போட்டிருக்கிறார். யாரைக் கேட்டு அடித்தீர்கள்? ஓய்வு பெறும்வரை வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

ஜன்னலோரம்:
ஐயா, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. முதல் நாலு வரி நிஜமாவே நல்ல வரி, அதனாலதான் எடுத்துப் போட்டேன். “என்ன சேதி கேட்குது”ன்னு படிச்சதும் பிள்ளை சுவத்துக்கிட்ட ஓடும். எதிரெதிரா வர்ற ரெண்டு எறும்பும் உணர்கொம்பால தொட்டுப் பார்த்துக்கிறது உண்மை, அதை நீங்க சரியா பிடிச்சிருக்கீங்க. அடுத்த வரியிலயே “உழைத்திடு”ன்னு அதட்டுறீங்க. சுவத்துக்கிட்ட ஓடின பிள்ளை திரும்பி வந்து கையைக் கட்டி உட்கார்ந்துடுது.

கரிசல்மண்:
அதட்டல் எங்கே இருக்கிறது? அன்பாகச் சொல்லியிருக்கிறேன். எறும்பைக் காட்டிவிட்டு, அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கை. ‘அறம் செய விரும்பு’ என்றுதான் நம் பிள்ளைகள் படிக்கத் தொடங்கினார்கள். பாரதி 1915இல் எழுதிய பாப்பா பாட்டைப் பாருங்கள். பொய் சொல்லக் கூடாது, காலையில் படி, மாலையில் விளையாடு, எல்லாம் அறிவுரைதான். அவருடைய கடைசி இரண்டு வரியையும் வெட்டுவீர்களா?

ஜன்னலோரம்:
பாப்பா பாட்டை முதல்லேர்ந்து படிங்க ஐயா. ஓடி விளையாடச் சொல்றார், அப்புறம் குருவி, கோழி, காக்காய், பசு, நாய். பிள்ளை முற்றத்துல பார்க்கிறதையெல்லாம் வரிசையா காட்டி முடிச்ச பிறகுதான் படிப்பு வருது. “எத்தித் திருடுமந்தக் காக்காய், அதற்கு இரக்கப்பட வேணும் பாப்பா”. திருடுற காக்காயைத் திட்டாம இரக்கப்படச் சொல்றார். எந்த நீதிப் புத்தகத்துலயும் எடுத்து ஒட்ட முடியாத வரி அது, அந்தக் காக்காய்க்கு மட்டுமே சொன்னது. உங்க கடைசி ரெண்டு வரியை எறும்புக்குக் கீழயும் போடலாம், தேனீக்குக் கீழயும் போடலாம், கூட்டுறவு சங்கத்து வாசல்லயும் எழுதலாம்.

கரிசல்மண்:
ஆக, “இரக்கப்பட வேணும்” என்பது அறிவுரை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

ஜன்னலோரம்:
ஒப்புக்கல. திரும்பப் படிங்க.

வெண்பாவேலன்:
இருவரும் ஒரு முக்கியமான குறையைக் கவனிக்கவில்லை. முதல் நான்கு வரியில் சுமக்குது, கேட்குது என்று இயைபு, அதாவது வரி முடிவில் வரும் ஒத்த ஓசை, அழகாக அமைந்திருக்கிறது. கடைசி இரண்டில் உழைத்திடு, வந்திடும் என்று ஓசை மாறுகிறது. கைதட்டிப் பாடும் பிள்ளை அந்த இடத்தில் தடுமாறும். என்னைப் பொறுத்தவரை நீதி சிக்கலே இல்லை, ஓசைதான் சிக்கல். ‘சேர்ந்தே உழைக்குது, உயர்வும் அதற்குக் கிடைக்குது’ என்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

கரிசல்மண்:
வேலன், உங்களை யார் கேட்டது? சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு நான் அனுப்பிய பாட்டையும் இப்படித்தான் ஓசை, ஓசை என்று சொல்லி ஓரங்கட்டினார்கள். நடுவர்களில் நீங்களும் ஒருவர். நான் மறக்கவில்லை.

வெண்பாவேலன்:
அந்தப் போட்டியில் நடுவர்கள் மூன்று பேர். அந்தப் பாட்டில் நாலாம் அடியில் ஒரு சீர், அதாவது அடியை ஆக்கும் ஓசைத் துண்டுகளில் ஒன்று, குறைந்தது. இன்றைக்குக் கேட்டாலும் குறைந்தது என்றுதான் சொல்வேன்.

கரிசல்மண்:
குறையவில்லை.

அணில்வால்:
அந்தப் பஞ்சாயத்தை வேற இழையில வச்சுக்கோங்களேன். நாங்க இருக்கிறது சென்னையில அஞ்சாவது மாடி. தோட்டம், கன்னுக்குட்டி எல்லாம் என் பையனுக்குப் புத்தகத்துல வர்ற படம்தான். அவன் தினமும் பார்க்கிறது லிஃப்ட், தண்ணி கேன், பால்கனிக்கு வர்ற புறா. அவனுக்காக நான் எழுதினது இது:

தண்ணீர் கேனைக் கவிழ்த்ததும்
குபுக்கு குபுக்கு குமிழிகள்
உள்ளே யாரு ஒளிஞ்சிருந்து
ஊதி ஊதி விடுறது?

தண்ணி இறங்க இறங்க காத்து உள்ள போறதால வர்ற குமிழின்னு அவனே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். பாட்டுல நான் அதைச் சொல்லல. சொல்லியிருந்தா அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

ஜன்னலோரம்:
அக்கா, அருமை! கேள்வியோட நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் பாட்டு.

கரிசல்மண்:
நல்ல தொடக்கம் அம்மா. ஆனால் முடியவில்லை. ‘துளியும் வீணே ஆக்காதே, தூய நீரைக் காத்திடு’ என்று இரண்டு வரி சேர்த்தால் முழுமை பெறும். சென்னையில் தண்ணீர் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று உங்களுக்கே தெரியும்.

அணில்வால்:
வேண்டாம் சார். என் பாட்டுல கை வைக்காதீங்க.

ஜன்னலோரம்:
இதைத்தானே ஐயா நீங்க முதல்ல என்கிட்ட கேட்டீங்க, யாரைக் கேட்டு வெட்டினேன்னு? இப்போ யாரைக் கேட்டு ஒட்டுறீங்க?

கரிசல்மண்:
வெட்டுவது வேறு, சேர்ப்பது வேறு. நான் யோசனைதான் சொன்னேன். நீங்கள் என் பாட்டை நாலு பேர் பார்க்க அறுத்துப் போட்டீர்கள்.

நவாலி மண்:
எங்கட பக்கத்திலயிருந்து ஒரு சொல். தங்கத் தாத்தா சோமசுந்தரப் புலவரின்ர ‘ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை’ யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு மனப்பாடம். அது முழுக்கக் கூழும் கொழுக்கட்டையும்தான். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அடுப்படியில என்ன நடக்குது, என்ன சாப்பிடப் போறம் எண்டதுதான் பாட்டு. ‘பண்பாட்டைக் காப்பாற்று’ எண்டு ஒரு வரி கூட அதில இல்லை. ஆனா அந்தப் பாட்டாலதான் ஆடிப்பிறப்பு இண்டைக்கும் எங்கட பிள்ளையளின்ர நினைவில நிக்குது.

கரிசல்மண்:
தோழர்களே என்று கூப்பிட்டு, கூடிக் குடிக்கலாம் என்கிறாரே, அது ஒற்றுமை இல்லையா? அதே கருத்தைத்தான் நான் ‘ஒன்று சேர்ந்தே’ என்று எழுதினேன்.

நவாலி மண்:
ஐயா, அவர் கூழ் குடிக்கக் கூப்பிடுறார். நீங்கள் வேலைக்குக் கூப்பிடுறியள்.

ஜன்னலோரம்:
கவிமணியோட ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’வும் அப்படித்தான். பசு கூப்பிடுது, கன்னு ஓடுது, நக்குது, முத்தம் கொடுக்குது, மடி முட்டிக் குடிக்குது. தாயை மதின்னு எங்கயாவது சொல்றாரா? இத்தனைக்கும் அவரும் வாத்தியார்தான். வகுப்பறையில நின்னேன்னு சொல்றீங்களே, அவரும் நின்னவர்தான். குழந்தைக் கவிஞர் வள்ளியப்பா நின்னதே இல்ல, இந்தியன் வங்கியில வேலை பார்த்தவர். அவருக்கும் குழந்தை மனசு தெரிஞ்சுது.

கரிசல்மண்:
கவிமணியோடு என்னை ஒப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் சொல்கிறேன், கேளுங்கள். அவர் காலத்துப் பிள்ளைக்கு நல்லதைச் சொல்ல வீட்டில் தாத்தா இருந்தார், பாட்டி இருந்தார். பசுவைக் காட்டினால் போதும், மற்றதை அவர்கள் சொல்வார்கள். இன்றைக்குத் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளை கையில் போன் இருக்கிறது. அவனுக்கு யார் சொல்வது? பாட்டுதான் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு வரி. என் வகுப்பில் பிள்ளைகள் அந்த இரண்டு வரியைத்தான் உரக்கப் பாடுவார்கள். முதல் நான்கை முணுமுணுத்துவிட்டு, ‘ஒன்று சேர்ந்தே’ என்றதும் பெஞ்சைத் தட்டுவார்கள். நீங்கள் ஒரு வகுப்பில் நின்று பார்த்திருந்தால் இப்படி வெட்டியிருக்க மாட்டீர்கள்.

மூன்றாம்வகுப்பு டீச்சர்:
சார், மன்னிக்கணும். நான் இப்பவும் வகுப்பில் நிற்கிறேன். கடைசி வரியை உரக்கப் பாடுவது, பாட்டு முடிந்தால் வெளியே விடுவார்கள் என்பதால்தான். எந்தப் பாட்டு என்றாலும் அப்படித்தான்.

கரிசல்மண்:
உங்கள் வகுப்பில் அப்படி இருக்கலாம் டீச்சர். என் வகுப்பில் அப்படி இல்லை.

வெண்பாவேலன்:
பெஞ்சைத் தட்டியது ஓசை இடறிய இடத்தைச் சமாளிக்க. நான் முதலிலேயே சொன்னேன்.

கரிசல்மண்:
ஓசை இடறவில்லை. அந்தப் போட்டியிலும் இடறவில்லை. சீரை எண்ணி இங்கேயே போடுகிறேன், நீங்களும் எண்ணுங்கள். சிற்றெறும்பு என்று முதல் வரியிலேயே…

ஜன்னலோரம்:
எறும்பு வரிசையா போறது உழைப்புக்காகவே இல்ல ஐயா. முன்னால போன எறும்பு விட்ட வாசனையைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. அதுல “உயர்வு” எங்கேருந்து வந்துச்சு?

கரிசல்மண்:
வாசனையைப் பிடித்துக்கொண்டு சும்மாவா போகிறது? பருக்கையைத் தூக்கிக்கொண்டுதானே போகிறது? அதன் பெயர் உழைப்பு இல்லாமல் என்ன? அந்த இரண்டு வரி அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆண்டு மலரிலும் ஆறு வரியாகவே வரும்.

ஜன்னலோரம்:
வரட்டும். நான் பிள்ளைங்களுக்கு நாலு வரியாவே சொல்லிக்கொடுப்பேன்.

கரிசல்மண்:
அப்படியானால் கீழே என் பெயரைப் போடாதீர்கள்.

வெண்பாவேலன்:
சீர் எண்ணிப் போடுவதாகச் சொன்னீர்களே, எங்கே?