மழையில் பனிச்சறுக்கு: குல்மார்க்குக்குப் போகுமுன் குன்னூரிலிருந்து ஒரு சந்தேகம்

பெட்போர்டு_வாசி எழுதியது:

வணக்கம். வரும் மார்ச் தொடக்கத்தில் நானும் என் தங்கையும் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு ஆரம்பப் பயிற்சியில் சேர இருக்கிறோம். இருவருக்கும் இதுவே முதல் முறை. சென்ற ஆண்டு அதே காலத்தில் அங்கே சென்று வந்த நண்பர் ஒருவர், பயிற்சி நடக்கும் கீழ்ச் சரிவில் வெண்பனிக்குப் பதிலாக மழையே கொட்டியதாகவும், அங்கே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த உடை மதியத்துக்குள் ஊறிப்போய், மீதி நேரத்தைக் குளிரில் நடுங்கியே கழித்ததாகவும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து குளிரைவிட ஈரத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மலைக்காரர்களான நமக்கு மழை புதிதல்ல. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் டூவீலர் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் பேன்ட், கோட்டு இரண்டும் சேர்ந்த ரெயின்கோட் என்னிடம் இருக்கிறது. ஊட்டி திபெத்தியர் சந்தையில் வாங்கிய, உள்ளே இறகு அடைத்த ஜாக்கெட்டும் இருக்கிறது. இறகு ஜாக்கெட்டின்மேல் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாமா, அல்லது கடைகளில் 10,000, 20,000 என்று எண் போட்டு விற்கும் விலை உயர்ந்த ஜாக்கெட்டைத்தான் வாங்க வேண்டுமா? அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வட்டக்கானல்_மூடுபனி எழுதியது:

நான் கொடைக்கானல்காரன், வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் கனடாவின் மேற்குக் கரையில் இருந்தேன். அங்கே விஸ்லர் என்ற சறுக்கு மலையின் அடிவாரம் ஏறத்தாழ 675 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உச்சி 2,180 மீட்டரைத் தொடுகிறது. கடல் காற்று வீசும் நாளில் அடிவாரத்தில் மழையும் உச்சியில் வெண்பனியும் ஒரே நேரத்தில் பெய்யும். ஆகவே மழையில் சறுக்குவது அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாட விஷயம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், துணி தாங்கும் நீர் அழுத்தம். 10,000 என்றால் 10,000 மில்லிமீட்டர், அதாவது பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். மழைத்துளி மட்டும் அவ்வளவு அழுத்தம் தராது. சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் சேர்லிஃப்டின் ஈரமான இருக்கையில் உட்காரும்போதும், பனியில் முழங்காலை ஊன்றும்போதும், தோளில் பையின் பட்டை அழுத்தும்போதும்தான் தண்ணீர் உள்ளே தள்ளப்படுகிறது. அதனால் ஜாக்கெட்டைவிட பேன்ட்டுக்குத்தான் உயர்ந்த எண் தேவை என்பது என் கருத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. இது ஆய்வகத்தில் அளந்த கணக்கு. சுற்றிலும் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும் நாளில் அந்த அளவு கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியேறும்.

உங்கள் இரு யோசனைகளில் இறகு ஜாக்கெட்டை அறையிலேயே வைத்துவிடுங்கள். மாலையில் தேநீர் குடிக்கும்போது அது அருமையான உடை; நனைந்தாலோ இறகு கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காற்று இல்லாமல் போய்விடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியிலோ பாலியஸ்டரிலோ ஆன தெர்மல் உள்ளாடை, அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட் என்று அணியுங்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் எதுவும் கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அசையாக் காற்றைவிடத் தண்ணீர் உடல் வெப்பத்தை இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்திவிடும்.

கோத்தகிரி_பழைய_ஃபீல்டு_ஆபீசர் எழுதியது:

தம்பி, நான் தேயிலைத் தோட்டங்களில் பணி செய்து ஓய்வு பெற்றவன். பனிச்சறுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் மழையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், தேவாலா பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். மேலே விழும் மழையைவிட இடுப்பளவு செடியில் நிற்கும் தண்ணீர்தான் அதிகம் நனைக்கும் என்பதால் அந்தத் தார்ப்பாய்த் துண்டுக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு தனி. அந்தத் தாளும் தார்ப்பாயும் ஒரு துளி ஆவியைக்கூட வெளியே விடாதவை. அப்படியும் உள்ளே வேர்த்து நனையாததற்குக் காரணம், எதுவும் உடம்போடு ஒட்டாமல் கீழ்ப்புறம் திறந்திருப்பதும், நடக்க நடக்கக் காற்று உள்ளே போய்வருவதும்தான்.

நேர்மாறாக உங்கள் டூவீலர் ரெயின்கோட் கழுத்திலும் கையிலும் இறுகி மூடியது. வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை நன்றாக இருக்கும். அதையே போட்டுக்கொண்டு மேட்டில் கால் மணி நேரம் நடந்தால் உட்புறம் முழுவதும் வேர்வை முத்து முத்தாகக் கோத்து, சட்டை மழையில் நனைந்ததைப்போலவே ஆகிவிடும். தண்ணீர் வெளியிலிருந்து வந்தால் என்ன, உள்ளிருந்து வந்தால் என்ன, நடுங்குவது நாம்தானே. ஆகவே விலையைப் பார்த்து மலைக்காமல், தளர்வான, அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்துத் திறக்கும்படி தைத்த எந்த ரப்பர் பூச்சுக் கோட்டும் போதும் என்பேன்.

வட்டக்கானல்_மூடுபனி எழுதியது:

ஐயா சொன்ன காற்றோட்டக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அக்குள் ஜிப், தொடை ஜிப் இரண்டும் இருக்கும் உடையையே தேட வேண்டும். நீராவியை வெளியே விடும் சவ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மழை நாளில் அந்த ஜிப் செய்யும் வேலையில் பாதியைக்கூடச் செய்யாது. ஆனால் கீழே திறந்த தாளோ போஞ்சோவோ சறுக்குச் சரிவுக்கு ஆகாது. சேர்லிஃப்டிலிருந்து இறங்கும் நொடியில் தொங்கும் துணி இருக்கையில் மாட்டிக்கொண்டால் ஆளை இழுத்துக்கொண்டே போய்விடும். மழைநாளில் சிலர் பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு ஜாக்கெட்டின்மேல் மாட்டிக்கொள்வது உண்டு. அவர்களும் அடிப்பகுதியைச் சுருட்டி இடுப்புப் பட்டைக்குள் செருகிவிடுவார்கள்.

ரப்பர் பூச்சை மலிவானது என்று நான் இகழவில்லை. சார்லஸ் மக்கின்டாஷ் 1823-இல் காப்புரிமை பெற்ற ரப்பர் துணியிலிருந்து இன்றுவரை, கொட்டும் மழையில் அசையாமல் நிற்பவர்களுக்கு அதுதான் நம்பகமானது. பாப் கோர் 1969-இல் டெஃப்லானை இழுத்து நுண்துளைச் சவ்வாக்கிய பிறகுதான், மழையைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடும் கோர்டெக்ஸ் வகை உடைகள் வந்தன. அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சவ்வுக்கு மேலிருக்கும் துணியில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோட ஒரு பூச்சு இருக்கும். அழுக்காலும் தேய்மானத்தாலும் அது போய்விட்டால் மேல்துணி ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும், ஆவி வெளியேறும் வழி அடைபடும், வேர்வை உள்ளேயே தங்கும். சவ்வு ஓட்டையாகிவிட்டது என்று எண்ணி நல்ல உடையைத் தூக்கிப் போடுபவர்கள் அநேகர். உங்கள் நண்பர் எடுத்த வாடகை உடைக்கும் இதுவே நடந்திருக்கலாம். துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, உடையில் தைத்திருக்கும் குறிப்பு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு உயிர் பெறும்; பெறாவிட்டால் அதற்கென்று விற்கும் தெளிப்பானை அடிக்கலாம்.

பெட்போர்டு_வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தங்கை இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறாள். கையுறையும் கண்ணாடியும் நனைந்தால் என்ன செய்வது? மழை பெய்கிறது என்றால் மேலே உள்ள சரிவுக்குப் போய்விட்டால் வெண்பனி கிடைக்கும் அல்லவா?

லவ்டேல்_சாரல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. தங்கையின் ஊகம் சரி. மேட்டுப்பாளையத்தில் புழுங்கிக்கொண்டு பஸ் ஏறி ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுகிற நமக்கு, உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிண்ணம்போல் குழிந்த குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி அதைவிடச் சுமார் 400 மீட்டர் மேலே. இடைவெளி இரண்டரை டிகிரி. கீழே ஒரு டிகிரியில் தூறிக்கொண்டிருந்தால் மேலே பெரும்பாலும் வெண்பனிதான். கீழே ஐந்து டிகிரி என்றால் மேலேயும் பெரும்பாலும் மழைதான். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை போகிறது. ஆனால் அது பழகுநர்களுக்கான இடமே அல்ல. பனிமேல் மழை பெய்தால் செங்குத்துச் சரிவுகளில் பனியடுக்கு கனத்துத் தளர்ந்து சரியக்கூடும் என்பதால், பயிற்றுநர் சொல்லும் எல்லையைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காதீர்கள். இரவு வானம் தெளிந்துவிட்டால் நனைந்த பனி காலையில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். அன்று அவசரப்பட்டு முதல் ஆளாகச் சரிவில் இறங்காமல், வெயில் பட்டு மேற்பரப்பு இளகும்வரை காத்திருப்பது நல்லது.

மழையில் புதுப்பனி, காலில் மாட்டும் ஸ்கீ பலகையின் அடியில் ஒட்டி இழுக்கும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று கால் பிடித்துக்கொண்டதைப்போல் உணர்வீர்கள். அப்போது உடம்பு முன்னால் சாயும். வெப்பமான பனிக்குரிய மெழுகைத் தடவித் தரும்படி வாடகைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

கையுறை விஷயத்தில் ஒரே ஜோடியை நம்பாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும், விழுந்து எழும்போதெல்லாம் ஈரப் பனியைப் பிசையும் பழகுநரின் கையுறை நனைந்தே தீரும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, மாற்று ஜோடியை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்துங்கள். மீன்பிடிப்பவர்கள் அணியும் உட்துணி வைத்த ரப்பர் கையுறை மழைக்கு மிகவும் பொருத்தமானது. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். சறுக்கும்போது கைகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருப்பதால் கையுறையின் கழுத்துப் பகுதி ஜாக்கெட் கைக்குள் இருக்க வேண்டும். வெளியே விட்டால் கையில் வழியும் மழை நேராக விரலுக்குப் போய்ச் சேரும்.

கண்ணாடி, அதாவது காகிள்ஸின் உட்புறத்தை விரலாலோ துணியாலோ துடைக்கவே கூடாது. பனிமூட்டம் படியாதிருக்க அங்கே தடவியிருக்கும் பூச்சு ஈரத்தில் எளிதாகப் பெயர்ந்துவிடும். அதை நெற்றிக்கும் ஏற்றாதீர்கள். தலையின் சூட்டில் அங்கேதான் ஆவி படியும். சரிவில் இருக்கும்வரை கண்ணிலேயே இருக்கட்டும். கறுப்பு லென்ஸ் வேண்டாம், மஞ்சள் அல்லது ரோஜா நிறம் மேக வெளிச்சத்தில் மேடுபள்ளத்தைக் காட்டும்.

பெட்போர்டு_வாசி எழுதியது:

பூட்ஸ்?

லவ்டேல்_சாரல் எழுதியது:

அறைக்கு வந்ததும் பூட்ஸின் மெத்தை உள்ளுறையை வெளியே உருவி, தனியாக உலரவிடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து இரவில் ஒரு முறையாவது மாற்றுங்கள். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பை ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும், சற்றுத் தள்ளியே வையுங்கள். பேன்ட்டின் கீழே பூட்ஸை மூடும், இழுபட்டை வைத்த உள்மடிப்புத் துணி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது பூட்ஸுக்கு வெளியேதான் படிய வேண்டும். அதற்குள் செருகினால் தொடையில் வழியும் தண்ணீர் மொத்தமும் காலுறைக்கு வந்துவிடும்.

வட்டக்கானல்_மூடுபனி எழுதியது:

வாங்கும் உடையை மார்ச் வரை பெட்டியில் வைக்காதீர்கள். இப்போது வடகிழக்குப் பருவமழை. குன்னூரைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. தெர்மல், ஃபிளீஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் சிம்ஸ் பூங்காவிலிருந்து லாம்ஸ் ராக் சாலையில் வேகமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எந்த இடம் ஈரம் என்று தடவிப் பாருங்கள். தோளின் தையல் ஓரத்தில் மட்டும் ஈரம் என்றால் தையல் மேல் ஒட்டிய பட்டை பழுது, கடையில் மாற்றிக்கொள்ளலாம். முதுகும் அக்குளும் மட்டும் ஈரம் என்றால் அது உங்கள் வேர்வை. ஃபிளீஸைக் கழற்றிவிட்டு ஜிப்பைத் திறந்து மறுபடி நடந்து பாருங்கள்.

கோத்தகிரி_பழைய_ஃபீல்டு_ஆபீசர் எழுதியது:

அந்தச் சாலையில் அட்டை உண்டு தம்பி, பேன்ட்டின் கீழ்ப்பட்டை எவ்வளவு இறுக்கம் என்பதையும் அவையே சோதித்துச் சொல்லிவிடும்.