நானோ துகளும் விழித்திரையும்: டிரக் டெலிவரிக்கு ‘மருந்து உய்ப்பு’

நண்பர்களுக்கு வணக்கம்.

விழித்திரைக்கு நானோ துகள்கள் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் மிகச் சிறு துகள்கள்) வழியாக மருந்து கொண்டுபோவது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நிற்கிறது. நிறுத்தியது ஒரே ஒரு சொல்: டிரக் டெலிவரி (drug delivery). இதற்கு ‘மருந்து செலுத்தல்’ என்றுதான் பலரும் எழுதுகிறோம், நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். கண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் வேறு பொருளைத் தருகிறது என்று உறைத்தது.

கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுகிறோம். செலுத்தியாயிற்று. ஆனால் அதில் பெரும்பகுதி கண்ணீரோடு கலந்து சில நிமிடங்களில் மூக்குப் பக்கம் வடிந்துவிடும். கண்ணுக்குள் நுழைவது பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. பின்சுவரில் இருக்கும் விழித்திரையை எட்டுவது அதிலும் மிகச் சொற்பம். சரி, மாத்திரையாகக் கொடுக்கலாம், கை நரம்பில் ஊசியாகப் போடலாம். அப்போது குருதிக்கும் விழித்திரைக்கும் நடுவே ஓர் அரண் குறுக்கே நிற்கும். விழித்திரையின் நுண்குழல்களில் சுவர்ச் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிப்பக்கம் நிறமிச் செல்களின் அடுக்கு இதே காவலைச் செய்கிறது. (இதைத் ‘தடை’ என்று எழுதுவதைவிட ‘அரண்’ நல்லது. வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததை நிறுத்துவதுதான் அதன் வேலை.) ஆக எந்த வழியில் போனாலும் மருந்தைச் செலுத்திவிட்டோம், அது போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான் டெலிவரி என்று பெயர். ‘செலுத்தல்’ உடலுக்குள் புகுத்துவதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பொருளுக்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும், அதனால் ‘செலுத்தல்’ அங்கேயே இருக்கட்டும்.

இப்போது நடைமுறையில் இருப்பது கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவது. ஒருமுறைக்குப் பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர். முதுமையில் வரும் ஈரவகை விழிப்புள்ளிச் சிதைவுக்கு (விழித்திரையின் நடுப்பகுதியில் கசியும் புதுக் குருதிக்குழாய்களால் பார்வை கெடும் நோய்) ரானிபிசுமாப் என்ற மருந்து 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைப் போன்ற மருந்துகள் பலருடைய பார்வையைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் மருந்து சில வாரங்களில் கண்ணைவிட்டு வெளியேறிவிடும். அதனால் மறுபடி ஊசி, மறுபடி ஊசி. கண்ணில் ஊசி வாங்குவதை எண்ணிப் பார்த்தாலே இந்த ஆராய்ச்சி ஏன் நடக்கிறது என்று புரியும். மருந்தை ஒரு துகளுக்குள் பொதிந்து, வழியில் சிக்காமல் நகர்த்தி, உரிய செல்களிடம் இறக்கி, அங்கே மெல்ல மெல்லக் கசியவிட வேண்டும். இத்தனையும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும்.

டிரக் டெலிவரிக்கு இதுவரை பலர் முன்வைத்த சொற்களில் ‘மருந்து விநியோகம்’ பலருக்கும் உவப்பாக இருக்கிறது. ஆனால் விநியோகம் பலருக்கும் பல இடங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது. மருந்து உடலெங்கும் பரவுவதை மருந்தியல் தனிக் கருத்தாகவே வைத்திருக்கிறது. விநியோகம் அதற்குத்தான் பொருந்தும். நாம் தேடுவது அதற்கு நேர் எதிரானது: எங்கும் பரவாமல் ஓரிடத்தில் போய் நிற்பது. ‘வழங்கல்’ கொடுக்கும் கையைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. ‘கடத்தல்’ வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் நன்றாக அமைந்த சொல். மருந்தோடு சேர்ந்தால் சட்டவிரோதக் கடத்தல் என்ற பொருள் முந்திக்கொள்ளும். ‘மருந்து சேர்ப்பு’ என்றால் மருந்தைக் கலப்பதாகவும் படிக்கலாம். ‘கொண்டுசேர்ப்பு’ மிகத் தெளிவான சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘இலக்குநோக்கிய மருந்துக் கொண்டுசேர்ப்பு முறைகள்’ என்று வரும்போது மூச்சு வாங்குகிறது.

என் பரிந்துரை ‘உய்ப்பு’. உய்த்தல் என்றால் கொண்டு செலுத்துதல், உரிய இடத்தில் சேர்த்தல். அறிவு என்ன செய்யும் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: ‘சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு’. மனம் போன இடத்துக்கெல்லாம் போகவிடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதன்பால் கொண்டு சேர்ப்பது. மனம் இருந்த இடத்தில் மருந்தை வைத்துப் படித்தால் இந்தத் துறை செய்ய விரும்புவது அப்படியே இருக்கிறது. பரவவிடாமை, பக்கவிளைவை விலக்குதல், இலக்கில் சேர்த்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரு வினையைச் சுற்றியே நிற்கின்றன. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மறுப்பு வரும் என்று தெரியும். இன்றைக்கு ‘உய்’ என்றால் பிழைத்தல் என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள், ‘உய்த்துணர்’ என்பதைத் தவிர இந்த வினை புழக்கத்தில் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் உய்த்துணர்தலிலும் அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறது, பொருள் முழுக்க அந்நியமாகவில்லை. ‘மருந்துய்ப்பு’ என்று சேர்த்து எழுதினால் கண் தடுமாறும், ஆகவே ‘மருந்து உய்ப்பு’ என்று பிரித்தே எழுதலாம். ‘விழித்திரை மருந்து உய்ப்பு’, ‘இலக்கு உய்ப்பு’, ‘உய்ப்பு முறை’ எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. கட்டுரைக்குள் வினையாக வரும் இடங்களில் ‘கொண்டு சேர்க்கிறது’ என்றே எழுதுவேன். வாசகர் இரண்டையும் தானே இணைத்துக்கொள்வார்.

அடுத்து ‘நானோ’. இதை ‘நுண்துகள்’ என்று எழுத வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று மைக்ரோ அளவுக்கு நுண்ணைக் கொடுத்துவிட்டோம். கண்ணுக்குள் இந்த வேறுபாடு உயிரானது. கண்ணின் உட்குழியை நிறைத்திருக்கும் களி, கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும் பின்னிய வலை. அந்த வலையின் துளைகள் சுமார் 550 நானோமீட்டர் அகலம் என்று மாட்டுக் கண்ணில் அளந்திருக்கிறார்கள். 200 நானோமீட்டர் துகள் அதற்குள் நகர முடியும், ஒரு மைக்ரோமீட்டர் (1000 நானோமீட்டர்) துகள் சிக்கிக்கொள்ளும். அளவு மட்டும் போதாது, நேர்மின்னூட்டம் கொண்ட துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்ட அந்த வலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். நானோவுக்கு ‘மீநுண்’ நல்ல சொல்தான். ஆனால் நானோமீட்டர் என்று அளவை எழுதிவிட்டு அடுத்த வரியில் மீநுண்துகள் என்றால் தொடர்பு அறுந்துபோகிறது. மீட்டரையும் கிராமையும் வைத்துக்கொண்டதுபோல இந்த அளவு முன்னொட்டையும் வைத்துக்கொள்வோம். செயலைக் குறிக்க மட்டும் தமிழ் வினையே வேண்டும், அதிலிருந்துதான் மற்ற சொற்கள் கிளைக்கும்.

‘துகள்’ எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். துகள் என்றால் திடமான பொடி மனத்தில் வருகிறது. லிப்போசோம் கொழுப்பின் இரட்டைச் சுவரால் ஆன பை, உள்ளே நீர். இந்த வகை விழித்திரை மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல: லிப்போசோமில் வைத்த வெர்டெபோர்ஃபின் என்ற மருந்து அமெரிக்காவில் 2000இலேயே ஒப்புதல் பெற்றது. அதைக் கை நரம்பில் ஏற்றி, விழித்திரையில் நோயுள்ள இடத்தில் மட்டும் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள், ஒளி பட்ட இடத்தில் மருந்து வேலை செய்யும். மரபணு மருத்துவத்தில் சுமார் 25 நானோமீட்டர் அளவுள்ள ஒரு வைரஸே பொதியைச் சுமந்து போகிறது. பாலிமர் உருண்டை, கொழுப்புப் பை, வைரஸ் மூன்றுக்கும் பொதுவாக ‘ஏந்தி’ என்று வைக்கலாம்: மருந்தேந்தி, மரபணு ஏந்தி.

‘விழித்திரை’யைத் தொட வேண்டாம். அது படம் விழும் வெறும் திரை அல்ல, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்கான நரம்புச் செல்கள். இருந்தாலும் சொல் நிலைத்துவிட்டது.

எனக்கு விடை கிடைக்காத சொல் ஒன்றுதான், மேலே ‘களி’ என்று எழுதிச் சமாளித்தது. விட்ரியஸ். இதைக் ‘கண்ணாடி நீர்மம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். 98 சதவீதத்துக்கும் மேல் நீர் என்பது உண்மை. ஆனால் நீர்மம் என்றதும் அந்த வலை மறைந்துவிடுகிறது, துகள் ஏன் சிக்குகிறது என்று வாசகருக்குச் சொல்லவே முடியவில்லை. ‘விழிக்களி’ என்று எழுதலாமா? வயதாக ஆக அது இளகி நீர்த்துப்போவதையும் ‘களி இளகுதல்’ என்று இயல்பாகச் சொல்லலாம். கண் மருத்துவம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சொன்னால் கட்டுரையை முடித்துவிடுவேன்.