பொந்துபுகு பறவை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வட அமெரிக்க நீலக்குருவிகளைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது எழுந்த ஐயங்களுக்காகத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பறவையின் பெயரைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிட்டோம். அது பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் 'நீலப் பூங்குருவி' என்னும் பெயர், குளிர்காலத்தில் நம் பாறைப்பகுதிகளுக்கு வந்துபோகும் வேறொரு பறவைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே கிழக்கு, மேற்கு, மலை என்னும் மூன்று இனங்களுக்கும் பொதுவாக 'நீலக்குருவி' என்றே எழுதிவிடலாம்.

எனக்குக் கவலை தருவது இன்னொரு சொல். மரத்தைக் குடையும் அலகு தனக்கு இல்லாததால், மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்திலோ, கிளை ஒடிந்த இடத்தில் உளுத்து உண்டான பொந்திலோ முட்டையிடும் பறவைகளை உயிரியலார் தனி வகையாகக் கொள்கிறார்கள். நீலக்குருவி அவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு நம் குழுமத்தில் 'இரண்டாம்நிலைக் குழிவாழ் பறவை' என்றும் 'இரவல்பொந்துப் பறவை' என்றும் இரு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

முதலாவதில் 'குழி' என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது தரையில் தோண்டிய பள்ளம்; மரத்தில் இருப்பதைப் பொந்து என்றுதான் சொல்வோம். 'வாழ்' என்பதும் பொருந்தவில்லை, ஏனெனில் இப்பறவை ஆண்டு முழுவதும் பொந்தில் வாழ்வதில்லை. பகலெல்லாம் வேலிக்கம்பியிலோ தாழ்ந்த கிளையிலோ அமர்ந்து, குட்டைப் புல்லில் நகரும் வெட்டுக்கிளியையும் வண்டையும் கண்டவுடன் இறங்கிப் பிடிப்பதே அதன் பிழைப்பு. இரண்டாவதில் உள்ள 'இரவல்' அழகான சொல்தான், ஆனால் இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கைவிடப்பட்ட பொந்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பறவை என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கிறது. மிசூரி மாநிலத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் மார்ச் மாதத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஆண்பறவை ஒரு புல்தாளைக் கவ்விக்கொண்டு, பறவைகள் கூடுகட்டுவதற்கென வைத்த பெட்டியின் துளைக்குள் போகும். அதே புல்லோடு வெளியே வரும். கூரைமேல் ஏறி ஒரு சிறகை மெல்ல அசைக்கும். மறுபடியும் உள்ளே போகும். கூடு கட்டுவது முழுக்கப் பெண்ணின் வேலை. புகுந்து காட்டி அழைப்பதோடு ஆணின் பங்கு முடிந்துவிடுகிறது. பெண்பறவையோ துளையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே விட்டுப் பலமுறை எட்டிப் பார்த்த பிறகே முழுதாக நுழைந்தது. புதுவீட்டுக்குப் போவதைக் 'குடிபுகுதல்' என்று சொல்லும் நமக்கு இதற்கு வேறு வினை தேட வேண்டியதில்லை.

எனவே 'பொந்துபுகு பறவை' என்பதை முன்மொழிகிறேன். இதற்கு இணையாக, மரங்கொத்தி, குக்குறுவான் போன்று தாமே குடைவனவற்றைப் 'பொந்துகுடை பறவை' எனலாம். இரண்டும் வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது என்பதை அருள்கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். 'பொந்துகுடைப் பறவை' என்று ஒற்று இட்டால், குடை என்பது மழைக்குப் பிடிக்கும் குடையாகிவிடும். கடுங்குளிர் இரவுகளில் பல நீலக்குருவிகள் ஒரே பொந்தில் நெருங்கி அடைவதுண்டு என்பதால், முட்டையிடுவதை மட்டும் சுட்டும் 'பொந்தில் கூடுகட்டி' என்பதைவிடப் 'புகு' விரிந்த பொருள் தருகிறது. நம் பனங்காடை, புள்ளி ஆந்தை, கொண்டலாத்தி, குண்டுக்கரிச்சான் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போதும் இச்சொல் பயன்படும்.

அடுத்தது பெட்டி. 'கூண்டு' வேண்டாம், அது அடைத்து வைப்பது. 'கூட்டுப்பெட்டி' வழக்கில் உள்ளது என்பதை மறுக்கவில்லை, ஆயினும் தூக்கணாங்குருவிக்கும் கூடுண்டு. அது பெட்டிக்கு வராது. 'பொந்துப்பெட்டி' என்றால் எதற்கு மாற்றாக எதை வைக்கிறோம் என்பது விளங்கிவிடும். கொல்லைக்குப் பறவையை வரவழைப்பது என்றதும் நாம் தானியத்தைத்தான் நினைக்கிறோம். நீலக்குருவியோ பூச்சியும் சிறு கனிகளும் உண்பது, மாவுப்புழு வைத்தால் வருமே தவிரத் தானியத் தட்டை நாடுவது அரிது. பட்டமரங்களை வெட்டிவிட்ட ஊர்களில் அதற்கு மிகவும் தட்டுப்பாடானது பொந்து. இருந்த சில பொந்துகளிலும் 1851-இல் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட சிட்டுக்குருவியும், 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்ட ஐரோப்பிய ஸ்டார்லிங்கும் குடியேறின.

இதனால்தான் துளையின் அளவு இவ்வளவு முக்கியமாகிறது. கிழக்கு நீலக்குருவிக்கு 38 மில்லிமீட்டர் விட்டம் போதும். ஸ்டார்லிங் அதில் நுழைய முடியாது. சிட்டுக்குருவி நுழைந்துவிடும். நான் முதலில் வாங்கிய பெட்டியில் துளைக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி பொருத்தியிருந்தார்கள். நீலக்குருவிக்கு அது தேவையே இல்லை, சிட்டுக்குருவிதான் அதில் உட்கார்ந்து வாயிலை மறித்தது. சில நாள் கழித்துத் திறந்தபோது நேர்த்தியான புல்கூட்டின் மேலேயே வைக்கோலும் இறகுமாக இன்னொரு கூடு அடுக்கப்பட்டிருந்தது; அடியில் ஐந்து வெளிர்நீல முட்டைகள் உடைந்து கிடந்தன. நம்மூரில் சிட்டுக்குருவிக்கென்று பெட்டி மாட்டும் அன்பர்களுக்கு இது வருத்தமளிக்கலாம், எனக்கும் அளித்தது. அதுவும் ஒரு பொந்துபுகு பறவைதான் என்பதே சிக்கலின் வேர்.

துளைக்கு ஒருவர் 'புகுவாய்' என்று எழுதியிருந்தார். வேர் ஒன்றே என்றாலும், வரியின் நடுவில் அது 'நீ புகுவாய்' என்னும் வினைமுற்றாகப் படிக்கப்படும். 'நுழைவாய்' என்பதற்கும் அதே குறை உண்டு. வெறும் 'துளை' போதும். பெட்டியைத் தாங்கும் கம்பத்தில் பாம்பும், ரக்கூன் என்னும் மரமேறும் விலங்கும் ஏறாமல் மாட்டும் தகரக் கூம்பைத் 'தடுப்புக்கூம்பு' எனலாம்.

வயல் ஓரமாகச் சுமார் 100 மீட்டருக்கு ஒன்று என வரிசையாக நட்டு, வாரந்தோறும் ஒருவர் நடந்து சென்று பார்க்கும் பெட்டிகளின் தொடரைப் 'பொந்துப்பெட்டித் தடம்' என்று குறித்திருக்கிறேன். 1930-களில் இல்லினாயின் குவின்சி பகுதியில் தாமஸ் மசல்மன் இத்தகைய தடங்களை அமைத்தார் என்பதால் இச்சொல் கட்டுரையில் அடிக்கடி வருகிறது. 'வரிசை' என்பதைவிடத் 'தடம்' நடந்து பார்ப்பவரையும் நினைவூட்டுகிறது.

மரப்பொந்துக்குப் 'பொதும்பு' என்ற சொல்லும் உண்டு. அது இன்றும் பேச்சில் வழங்கும் ஊரைச் சேர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால், இரண்டுக்கும் அங்கே பொருள் வேறுபாடு உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.